பில் மன்றோவை நேரில் பார்த்தவர்கள்

மண்டலின் எண்டால் எங்கட பக்கத்தில முதல் ஞாபகம் வாறது சிறீனிவாஸ்தான். இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, மின்சாரத்தில் இணைத்து, கமகத்துக்கு வளையுமாறு அந்தக் கருவியை மாற்றி எடுத்தவர் அவர். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தி, அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் இன்னொரு சின்னப் பெடியன்ர மண்டலினில இருந்தும் தந்திகள் கழட்டப்பட்டன. ஆனால் காரணம் வேறு. அந்தப் பெடியன் சத்தம் போடக்கூடாது எண்டதுதான் காரணம்.

பெடியனின் பெயர் பில் மன்றோ. 1911 செப்ரெம்பர் 13 இல், றோசீன் எண்ட சின்ன ஊருக்குப் பக்கத்தில பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. இடக்கண் உள்ளே திரும்பியிருந்தது, பார்வையும் மட்டம். மூத்த அண்ணன்மார் பேர்ச் வயலினையும் சார்ளி கிற்றாரையும் எடுத்துக்கொள்ள, மிஞ்சியது மண்டலின். அதில் எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நாலு சோடி. "நாலு போதும்" எண்டு அண்ணன்மார் மற்ற நாலையும் கழட்ட வைத்தார்கள். வீட்டில் கடைசிப் பிள்ளையாய் இருந்த எவருக்கும் இது விளங்கும்.

பத்து வயதில் தாய் போனார். பதினாறு வயதில் தகப்பனும் போனார். பிறகு பில் போய் இருந்தது தாய்மாமன் பென் வண்டிவரோட. மாமன் வயலின்காரர், ஊர் ஆட்டங்களுக்கு வாசிக்கிறவர். மருமகன் அவருக்குப் பின்பாட்டாக கிற்றாரோ மண்டலினோ வாசித்துக்கொண்டு கூடவே போவார். வயலினுக்கும் மண்டலினுக்கும் சுருதி கூட்டுகிற முறை ஒண்டுதான். அதனால் மாமனின் வில்லில் இருந்த மெட்டுகள் அப்படியே மருமகனின் விரலுக்கு இறங்கின. பின்னாளில் மன்றோ மாமனுக்கு ஒரு பாட்டே கட்டினார். புளூகிராஸ் கேட்கிறவர்களில் அதைத் தெரியாதவர்கள் குறைவு.

ஆனால் மாமனைப் பற்றித் தெரிந்த அளவுக்கு ஆர்னல்ட் ஷுல்ட்ஸைப் பற்றித் தெரியாது. எங்களுக்கு இந்தக் கதையில முக்கியமான ஆள் அவர்தான். ஷுல்ட்ஸ் ஒரு கறுப்பினத் தொழிலாளி. நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வேலை, இரவில் கிற்றாரும் வயலினும். வெள்ளையரின் ஆட்டங்களுக்கும் வாசிக்கக் கூப்பிடப்பட்டவர். இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த காலத்து கென்ரக்கியில் இது சின்ன விசயமில்லை. பதின்ம வயது மன்றோ அவரோடு சேர்ந்து ஆட்டங்களில் வாசித்தார். புளூஸ் தன் கைக்கு வந்தது ஷுல்ட்ஸிடமிருந்து எண்டு கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஷுல்ட்ஸ் 1931 இல் இறந்தார். அவர் வாசித்ததில் ஒரு ஒலிப்பதிவுகூட இல்லை. அதாவது, ஒரு கறுப்பினக் கலைஞனின் இசை எப்படி இருந்தது எண்டதற்குச் சான்று, அவருக்குப் பக்கத்தில இருந்து வாசித்த ஒரு வெள்ளைக்காரப் பெடியன்ர விரல்களிலயும் மிச்சம். அந்தப் பெடியன் கிழவனாகி மேடையில் நிண்டபோது சனம் அவரைப் பார்த்தது. ஷுல்ட்ஸை ஆரும் பார்க்கவில்லை.

1929 இல் மன்றோ அண்ணன்மாருடன் இந்தியானாவுக்குப் போய் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் புரட்டினார். வடக்கே வேலை தேடிப் போன தெற்கத்திச் சனம் பின்னேரங்களில் ஊர்ப்பாட்டுக்கு ஏங்கியது. வானொலியும் அதைக் கண்டுபிடித்தது. சார்ளியும் பில்லும் சேர்ந்து பாடி 1936 இல் இசைத்தட்டு போட்டார்கள், 1938 இல் சண்டை பிடித்துப் பிரிந்தார்கள். அடுத்த வருசம் ஒக்ரோபரில் மன்றோ தன்ர 'புளூகிராஸ் போய்ஸ்' குழுவோடு நாஷ்விலின் 'கிறாண்ட் ஓல் ஒப்றி' வானொலி மேடையில் ஏறினார். அண்டைக்குப் பிடித்த இடத்தை அவர் சாகும்வரை விடவில்லை.

புளூகிராஸ் ஒரு பழைய மலைநாட்டு இசை, காலங்காலமாக வந்தது எண்டு கனபேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதன் உறுப்புகள் பழசு: ஸ்கொட்லாந்து, அயர்லாந்து வழி வந்த வயலின் மெட்டு, ஆபிரிக்க அடிமைகளோடு கடல் கடந்து வந்த பான்ஜோ, கறுப்பினத்தவரின் புளூஸ், தேவாலயப் பாட்டு. ஆனால் முழு உருவமாக அது சேர்ந்தது 1940களில், வானொலிக்காக. 1945 டிசெம்பரில் ஏர்ள் ஸ்க்றக்ஸ் மூன்று விரலால் பான்ஜோ வாசித்துக்கொண்டு குழுவுக்குள் வந்தார். லெஸ்ரர் பிளற் கிற்றார், சபி வைஸ் வயலின், ஹவர்ட் வொட்ஸ் பெரிய பாஸ். 1946, 1947 இல் அந்த ஐந்துபேர் பதிந்த பாட்டுகள்தான் இண்டைக்கும் அளவுகோல். தொன்மை எண்டு நாங்கள் கும்பிடுகிற கன விசயங்கள் எங்கட தாத்தாமாரின் வயசுதான் எண்டதை இந்த இடத்தில சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இந்த இசையை ஏன் நேரில் பார்க்கவேணும்? இசைத்தட்டில கேட்டால் காணாதோ? ஒளிப்பதிவுகளை மட்டுமே பார்த்த நாங்கள் சொல்கிறோம், காணாது. இந்தக் குழுவில் மேளம் இல்லை. தாளத்தின் பாதியைத் தாங்குவது மண்டலின். பாஸ் முதலடியைப் போட, மண்டலின்காரர் இடையடியில் எல்லாத் தந்தியையும் ஒருங்கே வெட்டி, வெட்டின கையோட இடது விரல்களைத் தளர்த்தி ஒலியைக் கொல்லுவார். கிட்டத்தட்ட பலகையில் தட்டின சத்தம். இதை 'சொப்' எண்டு சொல்லுவார்கள். கேட்கிறவனுக்கு அது தாளமாக மட்டும் போகும். பார்க்கிறவனுக்குத்தான் ஐந்துபேரும் அந்த வலது மணிக்கட்டைக் கடைக்கண்ணால பார்த்தபடி இருக்கிறார்கள் எண்டது தெரியும். மன்றோ கொஞ்சம் முந்தினால் எல்லாரும் முந்துவார்கள். வேகத்தைக் கட்டளையிட்டது அந்தக் கை.

அதோட ஒலிவாங்கி. பழைய காலத்தில் முழுக் குழுவுக்கும் ஒரேயொரு ஒலிவாங்கி. தன்ர முறை வரும்போது முன்னுக்கு வந்து, வாசித்து முடித்ததும் தோள் உரசாமல் விலகி, அடுத்தவருக்கு வழிவிட வேணும். ஒருவித கூத்துத்தான். ஆனால் ஆடுகிறவர்கள் எல்லாரும் கோட்டும் கழுத்துப்பட்டியும் தொப்பியும் போட்டவர்கள். மலைநாட்டான் எண்டால் கிழிஞ்ச உடுப்போட கோமாளியாக நிக்கவேணும் எண்டு மற்ற நிகழ்ச்சிகள் எதிர்பார்த்த காலத்தில், மன்றோ தன் ஆட்களை அப்படி நிக்கவிடவில்லை. இந்த மரியாதைப் பிடிவாதம் எங்களுக்குப் பிடிக்கும்.

பிடிக்காததும் உண்டு. 'போய்ஸ்' எண்டு பெயர் வைத்த அந்தக் குழுவில் சலி ஆன் ஃபொரெஸ்ரர் அக்கோடியன் வாசித்தார். பிறகு பெஸி லீ மோல்டின் கனகாலம் பாஸ் வாசித்தார். வரலாறு எழுதினவர்கள் முதலாமவரை விதிவிலக்காகவும் இரண்டாமவரை மன்றோவின் துணைவியாகவும் மட்டும் எழுதிவிட்டுப் போனார்கள். 'புளூகிராஸின் தந்தை' எண்ட பட்டத்தைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்த இரண்டு பேரும் ஷுல்ட்ஸும் ஞாபகம் வருகிறார்கள்.

1948 இல் பிளற்றும் ஸ்க்றக்ஸும் விலகித் தங்கட குழுவைத் தொடங்கினார்கள். மன்றோ அதை மன்னிக்கவில்லை. 1954 இல் எல்விஸ் பிறெஸ்லி மன்றோவின் பாட்டொன்றை வேகமாக்கிப் பாடினார், மன்றோவும் அதே வழியில் அதைத் திரும்பப் பதிந்தார். பிறகு றொக் அன் றோல் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போனது. ஐம்பதுகளின் கடைசியில் மன்றோ ஒரு பழைய ஆள்.

அவரைத் திரும்பக் கொண்டுவந்தது நகரத்து இளைஞர்கள். றல்ஃப் றின்ஸ்லர் எண்ட நியூ யோர்க் பக்கத்து மண்டலின் இளைஞர், இந்த இசையின் மூலவர் மன்றோதான் எண்டு 1963 இல் ஒரு நாட்டாரிசைச் சஞ்சிகையில் எழுதி, அவருக்கு முகாமையாளராகவும் ஆனார். பல்கலைக்கழகங்களும் விழாக்களும் திறந்தன. பொஸ்ரன் பக்கத்தில இருந்து பில் கீத் பான்ஜோவோட வந்தார். குழுவில் ஒரு 'பில்'தான் இருக்கலாம் எண்டு மன்றோ அவரை 'பிராட்' எண்டு கூப்பிட்டார். 1964 இல் ஜெரி கார்சியா எண்ட கலிபோர்னியா இளைஞர், மன்றோவுக்குச் சொந்தமான இந்தியானாவின் பீன் புளொசம் அரங்குக்கு நாட்டைக் குறுக்கே கடந்து வந்தார். குழுவில் சேர ஆசை, கேட்கத் துணிவில்லை. திரும்பிப் போய் வேறொரு குழு தொடங்கினார். அதுதான் 'கிறேற்ஃபுல் டெட்'.

1965 செப்ரெம்பரில் வேர்ஜீனியாவின் ஃபின்காசிலில், ஒரு குதிரைப் பண்ணையில், கார்ல்ரன் ஹேனி பல நாள் நீடித்த முதலாவது புளூகிராஸ் விழாவை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு 'புளூகிராஸின் கதை' எண்டு பெயர். மன்றோ மேடையில் நிப்பார். அவரோட முந்தி வாசித்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடப்படுவார்கள். மக் வைஸ்மன், ஜிமி மாற்றின், டொன் றெனோ எண்டு தாங்கள் குழுவில் இருந்த காலத்துப் பாட்டை வந்து பாடிப்போட்டு இறங்குவார்கள். கோபத்தோட பிரிஞ்சு போனவர்களும் வந்தார்கள். ஒரு இசையின் வரலாற்றை, அதை உண்டாக்கினவர்களே உயிரோட வந்து வரிசையில் நிண்டு சொல்லுகிற வாய்ப்பு எத்தனை கலைகளுக்குக் கிடைக்கும்? எங்கட பக்கத்தில மூத்த கலைஞரை மேடைக்குக் கூப்பிட்டால் பொன்னாடை போர்த்தி, அரைமணித்தியாலம் அவரைப் பற்றிப் பேசி, அவரைப் பாடவிடாமலே அனுப்பிவிடுவோம்.

பிளற்றும் ஸ்க்றக்ஸும் அந்த மேடைக்கு வரவில்லை. பிளற் 1971 இல்தான் பீன் புளொசத்துக்கு வந்தார். இருபது வருசத்துக்கு மேல கதையாமல் இருந்தவர்கள் அங்கே கைகுலுக்கினார்கள்.

மன்றோவின் மண்டலினுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கிப்சன் கொம்பனியின் எஃப்-5, 1923 யூலை 9 இல் லோயிட் லோர் கையெழுத்திட்டது. 1940களில் மயாமியில் ஒரு சலூனில் விற்பனைக்கு இருந்ததைக் கண்டு 150 டொலருக்கு வாங்கினார். பிறகு திருத்த வேலை சரியில்லை எண்ட கோபத்தில கொம்பனியின் பெயரையே அதன் தலையிலிருந்து கத்தியால் சுரண்டி எடுத்தார். வருசக்கணக்காக அந்த வடுவோடதான் வாசித்தார். 1985 நவம்பரில் ஆரோ வீட்டுக்குள் புகுந்து அதை இரும்புக் கோலால் அடித்து நொருக்கினார்கள். கிப்சனின் சார்ளி டெரிங்ரன் நூற்றுக்கணக்கான மரச் சிராய்களைப் பொறுக்கி ஒட்டினார். 1986 பெப்ரவரியில் மன்றோ கையில் அது திரும்ப வந்தது. அப்போது அவருக்கு 74 வயது. அந்த ஒட்டின மண்டலினோட இன்னும் பத்து வருசம் மேடையேறினார்.

'ஹை லோன்சம்' எண்ட ஆவணப்படத்தில் முதிய மன்றோ றோசீனில் பாழடைந்துபோன தன்ர பழைய வீட்டுக்குப் போகிறார். நிறையப் பேசமாட்டார். கையில் மண்டலின் வந்தவுடன் ஆள் மாறிவிடுவார். 1996 இல் பாரிசவாதம் வந்தது. செப்ரெம்பர் 9 இல், 85 வயதாக நாலு நாள் இருக்க, இறந்தார்.

அவருக்குப் பிறகும் அந்தத் தலைமுறையின் மண்டலின்காரர்களை நேரில் பார்க்க முடிந்தது. ஜெஸி மக்றெனல்ட்ஸ் 1964 இலிருந்து ஒப்றி உறுப்பினர். பான்ஜோவின் உருளும் விரலடியை ஒற்றைப் பிக்கால் மண்டலினில் கொண்டுவந்தவர். அவரின் தாத்தா 1927 இல் பிறிஸ்ரலில் நடந்த புகழ்பெற்ற ஒலிப்பதிவில் வயலின் வாசித்தவர். எண்பது வயது கடந்தபிறகு, 2010 இல், ஜெஸி 'கிறேற்ஃபுல் டெட்' பாட்டுகளை எடுத்து ஒரு தொகுப்புப் போட்டார். மன்றோவிடம் கேட்கத் துணியாத அந்த இளைஞனின் பாட்டுகள் அப்படித்தான் மண்டலினுக்குத் திரும்பி வந்தன. பொபி ஒஸ்போர்ன் கொரியப் போரில் காயப்பட்டு வந்து, 1967 இல் 'றொக்கி ரொப்' பாட்டைப் பதிந்தவர். தொண்ணூறு வயதிலும் குரலை உயர்த்திப் பாடினவர்.

ஜெஸி 2023 யூன் 23 இல் 93 வயதில் இறந்தார். பொபி நாலு நாள் கழித்து, யூன் 27 இல், 91 வயதில். மன்றோவின் மண்டலின் நாஷ்வில் நூதனசாலையில் இருக்கிறது. அதைப் பார்க்கலாம். ஒட்டின இடங்கள் கிட்டப் போனால் தெரியுமாம்.