கிளாஸ்கோவின் தர்க்க வகுப்பு

1451-ல் ஸ்தாபிதமான கிளாஸ்கோ சர்வகலாசாலையில், ஆசிரியர் லத்தீனில் உரைப்பதை மாணாக்கர் செவிமடுத்துக் குறித்துக்கொள்வதே கல்வி என்ற சம்பிரதாயம் நெடுங்காலம் நிலவிவந்தது. 1730-ல் ஒழுக்கவியல் பேராசிரியரான பிரான்சிஸ் ஹட்சிசன், அந்த வழக்கத்தைத் துறந்து ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தத் துணிந்தார். அவரிடம் பயின்ற ஆடம் ஸ்மித், பொருளாதார நூலால் உலகப் பிரசித்தி அடைவதற்கு வெகுகாலம் முன்பே, 1751-ல் அங்கே தர்க்கப் பேராசிரியராக வந்து, பழைய தர்க்க சாஸ்திரத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டுச் சொல்வன்மையையும் இலக்கிய ரசனையையும் விரிவாகப் போதித்தார். எடின்பரோவிலோ, 1762-ல் இதற்கெனவே ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டு, அதில் ஹியூ பிளேர் அமர்ந்தார். அவருடைய உபந்நியாசங்கள் 1783-ல் நூலாக வெளிவந்து, அமெரிக்கக் கலாசாலைகளிலும் பாடப் புத்தகமாயின.

இவர்கள் மூவரும் பெரியவர்கள். எனினும், மாணவனுடைய கையும் நாவும் பழகுவதற்கென்று ஒரு வகுப்பின் நித்திய காரியங்கள் அனைத்தையுமே திருத்தி அமைத்தவர் என்று என் மனம் போற்றுவது, இன்று பெயர்கூட மறக்கப்பட்டுவிட்ட ஜார்ஜ் ஜார்டினைத்தான்.

1774-ல் தர்க்க வகுப்பின் பொறுப்பை ஏற்ற ஜார்டின், தமக்கு முன்னிருந்தோர் நடத்தியபடியே சில காலம் நடத்திப் பார்த்தார். பலர் பதினான்கு பதினைந்து வயதே நிரம்பியவர்களாயிருந்த அச்சிறுவர்கள், அரிஸ்டாட்டிலின் அனுமான விதிகளை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்களேயன்றி, அவற்றைக் கொண்டு தாமாக ஒரு விஷயத்தையேனும் சிந்திக்கக் கற்கவில்லை என்பதை அவர் வருத்தத்தோடு உணர்ந்தார். காலையில் உபந்நியாசம் நிகழ்த்தியபின், அதே நாளில் மற்றொரு மணி நேரத்தை வினாவிடைக்கென ஒதுக்குவது அச்சர்வகலாசாலையில் முன்பே உண்டு. அந்த இரண்டாம் மணியையே அவர் வகுப்பின் உயிர்நிலையாக்கினார். காலையில் கேட்டதை மாணவன் எழுந்து நின்று தன் சொந்தச் சொற்களில் கூறவேண்டும்; தடுமாறினால் ஆசிரியர் மேலும் ஒரு வினாவால் அவனை வழிநடத்துவார்.

பேச்சோடு எழுத்தும் சேர்ந்தது. அவர் விதித்த வியாசங்கள் நான்கு படிகளில் ஏறிச் சென்றன. தெளிவாக எண்ணி அதைத் தெளிவாகச் சொல்வது முதற்படி. கருத்துக்களை இனம் பிரித்து ஒழுங்குபடுத்துவது அடுத்தது. ஒரு கூற்றைக் காரணம் காட்டி நிறுவுவது மூன்றாவது. தானே ஆராய்ந்தும் கற்பனை செய்தும் எழுதுவது இறுதிப்படி. ஆரம்ப முயற்சிகளின் குற்றங்களையெல்லாம் ஒருங்கே சுட்டிக்காட்டி இளம் உள்ளத்தை ஒடித்துவிடலாகாது, அந்தந்தப் பயிற்சியின் நோக்கத்தைப் பற்றியே திருத்தவேண்டும் என்பது அவருடைய கொள்கை. சிவப்பு மையினால் நிரம்பிய தாளைப் பெற்றுத் தலைகவிழ்ந்த எவரும் அக்கொள்கையின் கருணையை அறிவர்.

ஆனால் ஏறக்குறைய இருநூறு பேரின் வியாசங்களை ஒருவர் எவ்வாறு படித்துத் தீர்ப்பது? ஜார்டின் அவற்றுள் பெரும்பகுதியைத் தாமே படித்ததோடு, மாணவருள் திறமை மிக்க பத்துப் பன்னிரண்டு பேரைப் பரிசோதகர்களாகக் கொண்டு, சகமாணவரின் எழுத்தை அவர்கள் நிதானத்தோடும் நேர்மையோடும் மதிப்பிடச் செய்தார். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கொண்டாலும் கால் பங்கே கைகூடும், உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய பாதியும் நிரம்பும் என்று நன்னூலார் வகுத்ததை ஓதிய நமக்கு, அந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

1802-ல் 'எடின்பரோ ரெவ்யூ'வைத் தொடங்கியவர்களுள் ஒருவராகி, விமர்சனத்தால் ஐரோப்பாவையே கவனிக்கச் செய்த பிரான்சிஸ் ஜெஃப்ரி இவ்வகுப்பில் அமர்ந்தவரே. பிற்காலத்தில், 1885 முதல், அமெரிக்காவின் ஹார்வர்டில் முதலாண்டு மாணவர் அனைவருக்கும் ஆங்கில எழுத்துப் பயிற்சி தனிப்பாடமாகக் கட்டாயமாக்கப்பட்டது. அது பரந்து செழித்தது உண்மை. ஆயினும், எழுத்தைத் தனியே பிரித்துவைக்காமல் தர்க்க வகுப்பின் உள்ளேயே, சிந்தனையோடு ஒருசேர வளர்த்த ஜார்டினின் முறையே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

தம் முறையை 1818-ல் ஒரு நூலாக எழுதி வெளியிட்ட அவர், ஐம்பதாண்டு ஆசிரியப் பணிக்குப்பின் 1824-ல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே அந்நூலை மேலும் விரித்து இரண்டாம் பதிப்பாகக் கொணர்ந்தார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.