திரவப் பளிங்கும் மூலக்கூற்றின் வடிவமும்

பனிக்கட்டி உருகினால் நீராகிறது. பளிங்கு நிலையினின்றும் திரவ நிலைக்கு ஒரே படியிற் செல்வதே பொருள்களின் இயல்பென நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்து 1888ஆம் ஆண்டிலே பிராக் நகரில் ஆட்டங் கண்டது. கரட் கிழங்கின் கொலெஸ்தரோலை ஆராய்ந்த தாவரவியலறிஞர் பிரீட்ரிக் ரைனிற்சர், அதிலிருந்து ஆக்கிய ஒரு சேர்வை 145.5 பாகை சதம அளவில் உருகிக் கலங்கிய திரவமாவதையும், 178.5 பாகையிலேயே தெளிவடைவதையும் கண்டார். அவர் அனுப்பிய மாதிரியை நுணுக்குக்காட்டியில் நோக்கிய ஜேர்மானியப் பௌதிகர் ஒற்றோ லேமன், அது நீர்போல ஒழுகியும் பளிங்குபோல ஒளியை இரட்டையாக முறித்தும் நிற்கக் கண்டார். 'ஒழுகும் பளிங்கு' என 1889இல் அதற்குப் பெயரிட்டார்.

எல்லாப் பொருள்களுக்கும் இவ்வியல்பு இல்லாதது ஏன்? ஹாலே நகரில் டானியல் வோர்லண்டர் சேர்வைகள் பலவற்றை ஆக்கிப் பார்த்து, மூலக்கூறு இயன்றவரை நீண்டு நேராக இருத்தல் வேண்டுமென்று விடை கண்டார். கூடையிற் கொட்டிய நெல்லிக்கனிகளுக்குத் திசையென ஒன்றில்லை. கட்டி வைத்த ஈர்க்குகளோ ஒரே திசை நோக்கிக் கிடக்கும். மூலக்கூறுகளும் அத்தகையனவே.

1968இல் அமெரிக்கர் திரவப் பளிங்காற் காட்சித்திரை அமைத்துக் காட்டினர். ஆயினும் தகுந்த பொருள் கிடைத்திலது. சில சேர்வைகளைச் சூடாக்க வேண்டியிருந்தது; சில காற்றின் ஈரத்தாற் சிதைந்தன.

இங்கிலாந்தின் ஹல் நகரில் 1947 முதல் இத்துறையில் உழைத்து, மூலக்கூற்றமைப்புக்கும் இயல்புக்குமுள்ள தொடர்பை 1962இல் நூலாகவே எழுதியிருந்த ஜோர்ஜ் கிரே, குறை எங்கேயென்று உணர்ந்தார். மூலக்கூற்றின் இரு பென்சீன் வளையங்களை இணைத்த பாலமே நலிந்த இடம். 1972இல் அவர் குழுவினர் பாலத்தை நீக்கி வளையங்களை நேரே பிணைத்தனர். ஒரு முனையில் ஐந்து காபன் அணுக்கொண்ட சங்கிலியையும், மறுமுனையிற் சயனோக் கூட்டத்தையும் வைத்தனர். நெகிழுஞ் சங்கிலி உருகுநிலையைத் தாழ்த்தியது. சயனோக் கூட்டம் மின்புலத்தின் வழியே மூலக்கூற்றைத் திருப்பியது. நிறமற்ற, ஈரத்துக்கு அஞ்சாத அச்சேர்வை ஏறத்தாழ 24 முதல் 35 பாகை வரை திரவப் பளிங்காய் நின்றது. மல்வேண் ஆய்வுநிலையத்தார் இனச் சேர்வைகளைக் கலந்து அவ்வெல்லையை விரித்தனர். கைக்கடிகாரமும் கணிப்பொறியும் இலக்கங்காட்டத் தொடங்கின.

பயன் யாதென்று ஒருவரும் அறியாத காலத்திலே மூலக்கூற்றின் வடிவத்தைப் பொறுமையோடு ஆராய்ந்தவர்கள் இருந்தமையாலன்றோ, வேண்டியபோது விடை ஆயத்தமாக இருந்தது!