நூற்றிருபது பின்னல்கள்

ஷாங்காய்த் துறைமுகம். 1872ஆம் ஆண்டு, கோடைக் காலம். கப்பலேறக் காத்து நிற்கின்றனர் 30 சிறுவர்கள். பால் வடியும் முகங்கள். கணுக்கால் தொடும் நீண்ட அங்கிகள். முன்தலை மழிக்கப்பட்டு, பின்தலையிலிருந்து முதுகில் தொங்கும் நீண்ட பின்னல். போகுமிடம் அமெரிக்கா. திரும்புவது எப்போது? 15 ஆண்டுகள் கழித்து! இடையிலே பிள்ளை நோயுற்றாலும், உயிரே போனாலும், அரசாங்கத்தின்மீது பொறுப்பில்லை என்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகே பெற்றோர் அவர்களை அனுப்பி வைத்தனர்.

ஏன் அனுப்பினர்? அந்தக் கேள்விக்கான விடையிலே அடங்கியிருக்கிறது ஒரு பேரரசின் ஆசையும், அந்த ஆசையைவிடப் பெரிதான அதன் அச்சமும்.

சீனப் பேரரசு அடிமேல் அடி வாங்கிய காலம் அது. 1842இல் அபினிப் போரிலே தோல்வி. 1860இல் தலைநகர் பீகிங்குக்குள்ளேயே பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் புகுந்தன. பழம்பெருமை பேசும் பண்டிதர் பலர் இருந்தனர். பீரங்கிக்குப் பதில் சொல்ல அவர்களில் ஒருவராலும் இயலவில்லை. அந்த வேளையிலே திட்டமொன்றை ஏந்தி நின்றவர் யுங் விங். ஏழைக் குடும்பத்தில் 1828இல் பிறந்தவர். 1847இல் அமெரிக்கா சென்று, 1854இல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அமெரிக்கக் கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் சீனர் அவரே. தாம் பெற்ற அறிவைத் தம் நாட்டு இளைஞரும் பெறவேண்டுமென்று ஆண்டுக் கணக்கில் மன்றாடினார். செங் குவோபான், லீ ஹுங்சாங் எனும் இரு பெரும் அதிகாரிகள் செவி சாய்த்தனர். ஆண்டுக்கு 30 பேர், 4 ஆண்டுகளில் 120 பேர் என்று முடிவாயிற்று. உயர்குடிப் பெருமக்கள் தம் பிள்ளைகளைத் தரவில்லை. பழைய நூல்களை நெட்டுருச் செய்து, தேர்வெழுதிப் பதவி பெறும் பாதை அவர்களுக்குத் திறந்தே இருந்தது. சென்றவர்களிற் பெரும்பாலோர் தெற்கே குவாங்டுங் மாநிலத்துச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளே.

அரசாங்கம் கேட்டது என்ன? கப்பல் கட்டும் திறன், சுரங்கம் தோண்டும் நுட்பம், இருப்புப்பாதை அமைக்கும் ஆற்றல், படை நடத்தும் பயிற்சி. வேண்டாமென்று விலக்கியது என்ன? அந்நாட்டாரின் எண்ணம், வாழ்க்கை முறை, கேள்வி கேட்கும் பழக்கம். ஆகவே சிறுவர்களோடு சீன ஆசிரியர்களையும் சேர்த்து அனுப்பியது. பண்டைய நீதி நூல்களைப் படிக்கவேண்டும். குறித்த நாட்களிற் கூடி, அரச அறவுரையைக் கேட்கவேண்டும். பேரரசர் வீற்றிருக்கும் திசை நோக்கித் தொழவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தலையிலே பின்னல் இருக்கவேண்டும்!

பின்னலென்ன, வெறும் மயிர்தானே என்று எண்ணிவிடாதீர்கள். 1644இல் பீகிங்கைக் கைப்பற்றிய மஞ்சு இனத்தார், 1645இல் பிறப்பித்த ஆணை அது. சீன ஆண்மகன் ஒவ்வொருவனும் முன்தலையை மழித்துப் பின்னல் விடவேண்டும். மறுத்தால் தலை போகும்! வென்றவன், தோற்றவன் தலையிலே கட்டிய அடிமைச் சின்னம். ஆண்டுகள் இருநூறு கழிந்தன. சின்னம் சம்பிரதாயமாயிற்று, சம்பிரதாயம் புனிதமாயிற்று. கட்டிய கயிற்றையே முன்னோர் தந்த அணிகலன் என்று போற்றும் நிலை பிறந்தது.

சிறுவர்கள் சான்பிரான்சிஸ்கோவில் இறங்கினர். 1869இல் முடிவுற்ற இருப்புப்பாதை வழியே கண்டத்தைக் கடந்து, கிழக்கேயுள்ள கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மாநிலங்களை அடைந்தனர். அவர்களை விடுதியில் அடைக்கவில்லை; இருவர் மூவராக அமெரிக்கக் குடும்பங்களிலே தங்க வைத்தனர். உண்மையான கல்வி அந்த வீடுகளிலேதான் தொடங்கிற்று.

1873இல் சென்ற யான் பூ லீ என்பவர், 1887இல் தம் நினைவுகளை நூலாக எழுதினார். வரவேற்க வந்த அம்மையார் அவரைக் கட்டியணைத்து முத்தமிட்டாராம். கைக்குழந்தைப் பருவத்துக்குப் பின் அவர் பெற்ற முதல் முத்தம் அது! சிறுவன் நாணிச் சிவந்தான், தோழர்கள் சிரித்தனர். சாப்பாட்டு மேசையே ஆங்கிலப் பள்ளியாயிற்று. பண்டத்தின் பெயரை ஒருமுறை சொல்லிக் கொடுப்பர்; மறுமுறை பெயர் சொல்லிக் கேட்டால்தான் பண்டம் கிடைக்கும். பசியைவிடச் சிறந்த இலக்கண ஆசிரியர் யார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்குப் புறப்படுங்கள் என்றதாக எண்ணிப் பின்சென்றனர். போய்ச் சேர்ந்த இடம் மாதா கோயில்! கண்டதும் எடுத்தனர் ஓட்டம். வீட்டு அறைக்குள் நுழைந்த பிறகே நின்றனர்.

தெருவிலே வேறு தொல்லை. நீண்ட அங்கியையும் பின்னலையும் கண்ட ஊர்ப் பிள்ளைகள், பெண்பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேலி பேசினர். கைகலப்பும் நேர்ந்தது. முடிவில், அமெரிக்க உடை அணிய இசைவு கிடைத்தது. பின்னலுக்கு மட்டும் இசைவு இல்லை. ஆகவே அதனைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பந்து விளையாடப் புறப்பட்டனர். பேஸ்பால் ஆட்டத்துக்கெனத் தனிக் குழுவே அமைத்தனர். ஜுங் வென்யாவ் என்ற மாணவர், ஹார்வர்டுக்கு எதிரான படகுப் போட்டியிலே யேல் படகின் சுக்கான் பிடித்தார். பத்து வயதிலே அன்னிய மண்ணில் அழுதுகொண்டு இறங்கியிருக்கக்கூடிய பிள்ளைகள், பத்தே ஆண்டுகளில் அம்மண்ணின் பிள்ளைகளுக்கு இணையாகப் படித்தனர், ஓடினர், வென்றனர்.

ஹார்ட்போர்டு நகரில் தலைமை அலுவலகமொன்று கட்டப்பட்டது. மாணவர்கள் முறைவைத்து அங்கு வந்து தங்கிச் சீனப் பாடம் படிக்கவேண்டும். அந்த இல்லத்துக்குப் பிள்ளைகள் இட்ட பெயர் 'நரக வீடு'! தாய்மொழியின்மீது வெறுப்பா? அன்று. பொருளுணராமல் ஒப்புவிக்கச் செய்த முறையின்மீது வெறுப்பு.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மாதா கோயிலைக் கண்டு ஓடியவர்களிற் சிலர், பின்னர் அங்கேயே மண்டியிட்டனர். அன்பு காட்டிய குடும்பங்கள் வேத நூலையும் கூடவே நீட்டின. ஒரு பீடத்திலிருந்து விடுபட்டு இன்னொரு பீடத்தின் முன் பணிவதைப் பகுத்தறிவு என்று நாம் பாராட்ட முடியாது. ஆனால் அரசாங்கம் அஞ்சியது மதமாற்றத்தை மட்டுமா? புதிதாக வந்த ஆணையர் முன் மாணவர்கள் மண்டியிட்டு, நெற்றி நிலத்தில் படத் தொழவில்லை. போதாதா? ஓடுகிறார்கள், ஆடுகிறார்கள், ஆசானை மதிப்பதில்லை, சீனம் மறந்தார்கள், இனி நாட்டுக்குப் பயன்படார் என்று குற்றப் பட்டியல் பறந்தது பீகிங்குக்கு. இருவர் பின்னலையே அறுத்தெறிந்தனர், திட்டத்திலிருந்து விலக்கப்பட்டனர்.

அமெரிக்க அரசும் கைகொடுக்கவில்லை. படைக் கல்லூரிகளிலே சீன மாணவருக்கு இடமில்லை என்று கதவடைத்தது. கலிபோர்னியாவிலே சீனத் தொழிலாளருக்கு எதிராக வெறுப்பு மூண்டெரிந்தது. 1882இல் சீனத் தொழிலாளர் நுழைவைத் தடுக்கும் சட்டமே வந்தது. வீட்டிலே முத்தமிட்ட நாடு, வாயிலிலே தாழிட்டது!

1881இல் ஆணை வந்தது: அனைவரும் திரும்புக! எழுத்தாளர் மார்க் ட்வெயின் முயன்றார். அவர் வேண்டுகோளின்பேரில் முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்ட், லீ ஹுங்சாங்குக்குக் கடிதம் எழுதினார். பயனில்லை. பட்டப் படிப்பை முடித்திருந்தவர் இருவரே. மற்றவர் பாதிப் படிப்போடு புறப்பட்டனர். கப்பலுக்காகக் காத்திருந்த வேளையிலே, ஓக்லந்துக் குழு பந்தாட அழைத்தது. ஆடி வென்றுவிட்டே கப்பலேறினர்!

ஷாங்காயிலே வரவேற்பு எப்படி? மாலையா, மரியாதையா? காவலர் புடைசூழ நடத்திச் சென்று, பாழடைந்த கட்டடமொன்றில் நாட்கணக்கில் அடைத்து வைத்தனர். நாட்டுக்காகப் படிக்கச் சென்றவர், குற்றவாளிகள் போலே காவலில்!

பிறகு நடந்ததென்ன? தந்தித் துறை, சுரங்கம், கப்பற்படை என்று அவர்களைச் சிதறடித்தனர். 1884இல் பூச்சௌ துறைமுகத்திலே பிரெஞ்சுக் கப்பல்களோடு நடந்த போரில், சீனத்துக்காக உயிர் நீத்தோரிலே இந்த மாணவரும் இருந்தனர். நாட்டை மறந்தவர் என்று தூற்றப்பட்டவர்கள்! 1872ஆம் ஆண்டுக் கப்பலிலே 11 வயதுச் சிறுவனாகச் சென்ற சான் தியென்யூ, யேலில் பொறியியற் பட்டம் பெற்ற இருவரில் ஒருவர். அவரை முதலிலே கப்பற்படைக்கு அனுப்பினர்; இருப்புப்பாதைப் பணி கிட்டியது 1888இல்தான். 1905இல் தொடங்கி 1909இல், பீகிங்கிலிருந்து சாங்சியாகௌ வரை 200 கிலோமீட்டர் அளவுக்கு இருப்புப்பாதை அமைத்தார். அன்னியப் பொறியாளர் துணையின்றிச் சீனர் அமைத்த அப்பாதை, பெருஞ்சுவர் ஓடும் மலையைக் குடைந்து செல்கிறது. 1912இல் சீனக் குடியரசின் முதல் பிரதமரான டாங் ஷாவோயி, அதே 120 பேரில் ஒருவர்.

1911இல் புரட்சி வெடித்தது. மஞ்சு ஆட்சி வீழ்ந்தது. நாடெங்கும் பின்னல்கள் அறுந்தன. இருவர் அறுத்ததற்காக விலக்கப்பட்டனரே, அதனை நாடே செய்தது, முப்பது ஆண்டுகள் கழித்து! 1912இல் யுங் விங் ஹார்ட்போர்டு நகரிலே கண் மூடினார்.

சீனத்துக் கதைதானே என்று ஒதுக்கிவிட முடியுமா நம்மால்? கடல் கடந்தால் தீட்டு என்றது நம் நாட்டு வைதிகம். கணித மேதை இராமானுசம், 1914இல் கேம்பிரிட்ஜ் செல்லப் புறப்பட்டபோது குடுமியைக் களைய நேர்ந்தது. உலகம் போற்றத் திரும்பிய அவர், 1920இல் சென்னையிலே மாண்டபோது, கடல் கடந்து கெட்டவர் என்று வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கும் வரவில்லை. பின்னலானால் என்ன, குடுமியானால் என்ன, பிடித்திழுக்கும் கை ஒன்றுதான்.

இயந்திரம் வரட்டும், எண்ணம் வரவேண்டாம் என்போர் இன்றும் உள்ளனர். அயல்நாடு சென்று படிக்கும் இளைஞன், அங்குள்ள ஆய்வுக் கூடத்தில் மட்டுமா கற்கிறான்? உடன் உண்ணும் மேசையிலே, உடன் ஆடும் திடலிலே, யாரும் யாருக்கும் மண்டியிடாத தெருவிலே கற்கிறான். அந்தக் கல்வியோடு அவன் திரும்பி வரும்போது, என்ன மறந்தாய் என்று கேட்டுக் காவலில் வைக்கும் நாடு முப்பது ஆண்டுகளை இழக்கும். என்ன கற்றாய் என்று கேட்டுப் பணியில் அமர்த்தும் நாடு மலையைக் குடையும்.