வழுவும் வழுவமைதியும்: கணினியின் நிறுத்துகுறி வரலாறு

முன்னுரை

தண்ணீர்மலையில் தமிழின் பெயரால் கூடும் நாம், ஒரு கணினிக்குள் இயங்கும் மற்றொரு கணினியில் பிழை தேடும் முறையைப் பொருளாக எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். இலக்கண வகுப்பில் வழு, வழாநிலை, வழுவமைதி ஆகிய மூன்றையும் கற்பிக்கும் ஆசிரியரும், நிரல் எழுதப் பயிலும் மாணவரும் ஓரிடத்தில் சந்திக்கின்றனர் என்பதே நாம் இங்கு நிறுவ விழையும் கருத்து. அவ்விடத்தை அடைய எழுபது ஆண்டு வரலாற்றைச் சுருக்கமாகக் கடந்து செல்ல வேண்டும்.

தீவும் சில்லும்

பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை 1969இல் இழந்தது; வேலையின்மை பெருகியது. அவ்வாண்டில் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் யூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக மின்னணுத் தொழிலை இத்தீவுக்கு அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை நிறுவியது. ஏஎம்டி நிறுவனமும் அக்காலத்திலேயே வந்து சேர்ந்தது. உலகக் கணினிகளில் பெரும்பகுதியை இயக்கும் ஒரே கட்டளைத் தொகுதியைப் பின்னாளில் பகிர்ந்துகொண்ட இவ்விரு நிறுவனங்களும் ஒரே தீவில் தொழிற்சாலை கொண்டிருந்தன என்பது நினைவில் இருத்தத்தக்கது.

இங்கு நடந்த பணி சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும் ஆகும். சோதித்தல் என்பது வழு காணுதல். நம் இல்லங்களிலிருந்தும் பலர் அப்பணிக்குச் சென்று வந்தனர். ஆயினும் அவர்கள் நாள்தோறும் செய்த தொழிலின் சொற்கள் தமிழாகி வீடு திரும்பவில்லை. 2003 முதல் சில ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. இந்நிலையில் வளர்ந்த மாணவர் ஒருவர், நுட்பமான பொருளைச் சொல்லத் தமிழில் இடமில்லை என்று கருதினால் அவரை மட்டும் குறை கூறல் தகாது.

வழு என்னும் சொல்

1947இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணிப்பொறிக்குள் ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டதும், அதனைப் பதிவேட்டில் ஒட்டிவைத்ததும் பலரும் அறிந்த செய்தி. ஆங்கிலத்தில் பொறிக்குறையைப் பூச்சி என்னும் வழக்கு அதற்கும் முந்தையது. 1878இல் எடிசனே அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருக்கிறார். தமிழ்க் கணிமையாளர் இதனைப் பூச்சி என்று பெயர்க்காமல் வழு என்றும், பிழை தேடும் கருவியை வழுநீக்கி என்றும் வழங்கியது நற்பேறு. தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் உரைகள் முதல் நன்னூல் வரை வழங்கிவரும் கலைச்சொல் அது.

இலக்கண நூலார் வழுவைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாகப் பகுப்பர். விதிப்படி அமைவது வழாநிலை. விதி பிறழ்வது வழு. விதி பிறழினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. உண்டுகொண்டிருப்பவர் வாயிலில் அழைப்பவரிடம் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறார். அவர் இன்னும் எழவே இல்லை. எனவே இது கால வழு. ஆயினும் விரைவு என்னும் காரணம் பற்றிக் கேட்போர் அதனை ஏற்கின்றனர். இம்மூன்றாம் நிலையைக் கணினி வரலாற்றில் தேடுவோம்.

கம்பியும் கட்டளையும்

1946இல் பிலடெல்பியாவில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணிப்பொறியில் நிரல் என்பது கம்பிகளின் இணைப்பே. ஓரிடத்தில் கணக்கை நிறுத்தி இடைவிடையைப் பார்க்க வேண்டுமானால் அவ்விடத்துக் கம்பியைப் பிடுங்கினர். இணைப்பு அங்கே முறிந்தது. ஆங்கிலத்தில் அவ்விடத்துக்கு முறிவைச் சுட்டும் பெயர் அமைந்தது இதனால்தான் என்று, அதன் முதல் நிரலாளர் அறுவரில் ஒருவரான பெட்டி ஹோல்பர்ட்டன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் பொறி இயங்கத் தொடங்கியது. அதனை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், தம் எஞ்சிய வாழ்நாளில் கணிசமான பகுதி தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியும் என்று அவ்வாண்டில் உணர்ந்ததாக எழுதியுள்ளார். நிரல் நினைவகத்தில் எழுத்தாக உறையத் தொடங்கியபின் பிடுங்குவதற்குக் கம்பி இல்லை. எழுத்தைத்தான் மாற்ற வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் பிடிபி-1 கணிப்பொறிக்கு ஆலன் கோட்டாக் உருவாக்கிய வழுநீக்கி இவ்வகையில் புகழ்பெற்றது. அதற்கு டிடிடி என்று பெயரிட்டனர். மலேரியா ஒழிப்புக்காக வீடுகளில் அடிக்கப்பட்ட பூச்சிமருந்தின் பெயர் அது. பூச்சியை ஒழிக்கும் நிரல் என்னும் சிலேடை.

இத்தகைய கருவிகள் கையாளும் மென்பொருள் நிறுத்துகுறியின் முறை எளியது. நிறுத்த விரும்பும் இடத்திலுள்ள கட்டளையை எடுத்துத் தனியே குறித்துவைக்க வேண்டும். அவ்விடத்தில் 'நில்' என்னும் பொருள்தரும் கட்டளையை எழுத வேண்டும். நிரல் அங்கு வந்து நின்றதும் ஆராய்ந்துவிட்டு, பழைய கட்டளையை மீட்டு எழுதி, ஓரடி நடத்தி, குறியை மீண்டும் இட்டுத் தொடர வேண்டும்.

இன்டெல் 1978இல் வெளியிட்ட 8086 நுண்செயலியில் இதற்கென ஒரே பைட் நீளமுள்ள கட்டளை அமைந்தது. அதன் எண் மதிப்பு 204. பொதுவான குறுக்கீட்டுக் கட்டளைக்கு இரண்டு பைட் தேவைப்பட இதற்கு ஒன்று ஏன்? அச்செயலியின் மிகச் சிறிய கட்டளை ஒரு பைட் நீளமுடையது. குறி அதனினும் நீண்டால் அடுத்த கட்டளையின் தலையை அழித்துவிடும். வேறு வழியாக அங்கு தாவி வரும் நிரல் சிதையும். ஏட்டில் ஓரெழுத்தை மாற்றுவோர் அடுத்த எழுத்தின்மேல் படாமல் எழுதுவதைப் போன்றது இது. 1985இல் வந்த 80386 செயலி, நிரலைத் தொடாமலே நிறுத்தும் வன்பொருள் வசதியையும் தந்தது. ஆனால் ஒரு நேரத்தில் நான்கு இடங்களை மட்டுமே அவ்வாறு குறிக்க இயலும். மென்பொருள் குறிக்கு அவ்வரம்பு இல்லை.

விருந்தினர் பொறி

ஒரு கணினியைப் பல கணினிகளாகத் தோன்றச் செய்யும் முறையை ஐபிஎம் நிறுவனம் 1960களில் வளர்த்து, விஎம்/370 என்னும் பெயரில் 1972இல் அறிவித்தது. இவ்வாறு தோன்றும் கணினியை மெய்நிகர் பொறி என்கிறோம். 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் பெயரில், ஆங்கிலத்தில் உள்ள இதே அடைமொழி 'இணைய' என ஆயிற்று. இடம் நோக்கிச் சொல் வேறுபடுவது மொழியின் இயல்பு.

மெய்நிகர் பொறிக்குள் இயங்கும் இயங்குதளம் விருந்தினர். அதனைத் தாங்கும் அமைப்பு விருந்தோம்பி. விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதிதாய் வந்தவர் இவ்வீடு தம்முடையதே என்று எண்ணி வாழ்கிறார். விருந்தோம்பி தெரியாமல் தாங்குகிறார். இன்டெல் வழிச் செயலிகளில் இதற்கான வன்பொருள் துணை 2005, 2006ஆம் ஆண்டுகளில்தான் வந்தது. அதனைப் பயன்படுத்தும் கேவிஎம் என்னும் மென்பொருள் 2007 பிப்ரவரியில் லினக்ஸின் 2.6.20 பதிப்பில் இடம்பெற்றது.

விருந்தினர் இயங்குதளமே பழுதுற்றால் அதனுள் அமர்ந்து வழு தேட இயலாது. வெளியிலிருந்து விருந்தோம்பிதான் தேட வேண்டும். கேவிஎம் முதலில் தந்த வசதி வன்பொருளின் நான்கு குறிகளோடு நின்றது. 2008இன் இறுதியில் சீமென்ஸ் நிறுவனப் பொறியாளர் யான் கிஸ்கா அவ்விடைமுகத்தைத் திருத்தி அமைத்தார். அதன்பின் விருந்தினருக்குள் மென்பொருள் குறிகளை இடவும் வழி பிறந்தது.

குறி யாருடையது?

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. விருந்தினருக்குள்ளும் ஒருவர் தம் நிரலில் வழு தேடிக்கொண்டிருக்கலாம். அவரும் அதே 204ஐத்தான் இடுவார். பொறி நின்றதும், இது நாம் இட்ட குறியா, விருந்தினர் இட்டதா என்று விருந்தோம்பி அறிய வேண்டும். தமிழில் பிறர் கூற்றைச் சொல்லும்போது 'என்று' சேர்க்கிறோம். அதனால் சொன்னவர் யார் என்பது விளங்குகிறது. கட்டளை மொழியில் 'என்று' இல்லை. ஆகவே தான் இட்ட முகவரிகளின் பட்டியலை விருந்தோம்பி வைத்திருக்கிறது. நின்ற இடம் பட்டியலில் இருந்தால் ஆய்வாளரிடம் தெரிவிக்கும். இல்லையேல் அந்நிகழ்வை விருந்தினரிடமே திருப்பி அளிக்கும். இதில் தவறினால் விருந்தினர் தமக்குத் தொடர்பற்ற ஒரு நிறுத்தத்தால் நிலைகுலைவார், அல்லது தமக்கு உரிய செய்தியை இழப்பார்.

வேறு இரு எல்லைகளும் உண்டு. விருந்தினர் நிரல் நினைவகத்தில் ஏறுமுன் குறி இட்டால், பின்னர் ஏறும் நிரல் அதனை மேலெழுதி அழித்துவிடும். விருந்தினர் தம் நினைவகத்தைத் தாமே படித்தால் மாற்றப்பட்ட பைட் வெளிப்படும். இவ்விடங்களில் வன்பொருள் குறியே துணை.

வழுவமைதி

ஐபிஎம்மின் பவர் செயலிகளில் சிக்கல் வேறு வடிவில் அமைந்தது. அங்கும் 'நில்' என்னும் பொருளுடைய கட்டளை உண்டு. ஆனால் விருந்தினருக்குள் அது நேர்ந்தால் செய்தி நேரே விருந்தினருக்குச் செல்லும், விருந்தோம்பி அறியாது. 2014இல் ஐபிஎம் பொறியாளர் மாதவன் ஸ்ரீனிவாசன் லினக்ஸுக்கு அளித்த திருத்தம் இதற்குத் தீர்வு கண்டது. செயலியின் கட்டளைத் தொகுதியில் எப்பொருளும் இல்லாத, விதிப்படி பிழையான ஒரு சொல்லையே நிறுத்துகுறியாக ஏற்றுக்கொண்டனர். பொருளற்ற கட்டளையைச் செயலி கண்டால், அதனை முதலில் விருந்தோம்பியிடம் ஒப்படைக்கும். அந்தக் குறிப்பிட்ட பிழைச்சொல்லா என்று விருந்தோம்பி பார்க்கும். வழுத்தேடல் நடக்கும் விருந்தினராயின் ஆய்வாளரிடம் தெரிவிக்கும். இல்லையேல் விருந்தினரிடமே விட்டுவிடும்.

இது வழுவமைதியே. விதி நோக்கின் அச்சொல் வழு. ஆனால் அதனை இட்டதற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை அறிந்து ஏற்கும் ஒரு கேட்போனும் உண்டு. 'இதோ வந்துவிட்டேன்' என்பதை ஏற்பதற்கும் இவ்விரண்டே தேவைப்பட்டன. கேட்போன் உடன்படாதவிடத்து அதே சொல் வெறும் வழுவாகவே நிற்கும். விருந்தினர் தாமே பிழையாக அக்கட்டளையை எழுதியிருப்பின் அது அவர் வழு. அவரிடமே சேர வேண்டும். வழுவையும் வழுவமைதியையும் பிரிப்பது சொல்லின் வடிவத்தில் இல்லை, காரணத்திலும் உடன்பாட்டிலும் உள்ளது என்று உரையாசிரியர்கள் கண்டதை இப்பொறியும் உறுதி செய்கிறது.

நிறைவுரை

ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து முறிவுப்புள்ளி என வழங்குவோர் உளர். கம்பி முறிந்த காலத்தை அறிந்தவருக்கே அப்பெயர் விளங்கும். இன்றைய பொறியில் எதுவும் முறிவதில்லை. நின்று, பார்த்து, தொடர்கிறது. வாக்கியத்தில் நாம் இடும் நிறுத்தக்குறியை ஒட்டி நிறுத்துகுறி என்று இப்பொழிவில் ஆண்டோம். இதனினும் சிறந்த சொல் மாணவரிடமிருந்து வரின் மகிழ்வோம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வழுவமைதியைத் தேர்வுக்குரிய ஒரு பகுதியாக மட்டும் கற்பிக்காமல், பத்து வரி நிரலில் ஒரு நிறுத்துகுறியை இடச் செய்து, அது ஏன் பிழையாகவும் ஏன் பிழையன்றியும் இருக்கிறது என்று வினவுங்கள். இத்தீவில் சில்லுகளைச் சோதித்துக் குறை கண்ட கைகளின் பேரக் குழந்தைகள் அவ்வினாவுக்குத் தமிழிலேயே விடை கூற இயலும். சொற்கள் முன்பே இருக்கின்றன. அவற்றைப் பொருளோடு சேர்த்துக் கொடுப்பதே நம் கடன்.