பச்சை குத்திய கையும் நாடி பார்க்கும் கடிகாரமும்

கிராமத்துப் பாட்டிமார்களின் முன்கையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். புள்ளி வைத்த கோலம், தேள், அல்லது ஒரு பெயர் என்று ஏதேனும் ஒன்று அங்கே பச்சையாகத் தெரியும். சிறு வயதில் ஓர் ஊசிமுனை அங்கே விட்டுச் சென்ற கரி அது. எத்தனை ஆயிரம் முறை தேய்த்துக் குளித்தும் அது போகவில்லை.

அந்தக் கையில், பேரன் வாங்கி வந்த புதுவகைக் கடிகாரம் ஒன்றைக் கட்டுவதாக வைத்துக் கொள்வோம். மணி காட்டுவதோடு நாடித் துடிப்பையும் எண்ணிச் சொல்லும் ஸ்மார்ட் வாட்ச் அது. வெறும் தோலின் மேல் கட்டினால் துடிப்பைச் சரியாகச் சொல்லும். அடர்த்தியாகப் பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டினாலோ தடுமாறும். சில வேளை எண்ணையே காட்டாது. சில வேளை தவறான எண்ணைக் காட்டும். இன்னும் சில வேளை, தன்னை யாரும் கட்டியிருக்கவில்லை என்றே முடிவு செய்து பூட்டிக் கொள்ளும்!

உயிருள்ள கை, ஓடும் இரத்தம், துடிக்கும் நாடி எல்லாம் அங்கே இருக்கும்போது கடிகாரத்துக்கு அது தெரியாமல் போவது ஏன்? இதற்கான விடையில் பாதி இயற்பியலில் இருக்கிறது. மறு பாதி மனிதர்களின் மனப்போக்கில் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

தோலுக்குள் தங்கும் கரி

நம் தோலின் மேலடுக்கு மிக மெல்லியது. அதன் செல்கள் ஏறத்தாழ நான்கு வாரங்களில் உதிர்ந்து புதியவை வந்துவிடுகின்றன. ஆகவே மேலடுக்கில் எதை எழுதினாலும் நிலைக்காது. பச்சை குத்துபவரின் ஊசி அதைத் தாண்டி, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள உள்தோலில் மையைச் சேர்க்கிறது.

அங்கே நம் உடலின் காவல் செல்கள் ஓடிவந்து, அந்நியப் பொருளான மைத்துகள்களை விழுங்குகின்றன. ஆனால் அவற்றைச் செரிக்க முடிவதில்லை. அந்தச் செல்கள் இறக்கும்போது வெளிவரும் துகள்களைப் புதிய காவல் செல்கள் மீண்டும் விழுங்குகின்றன. இவ்வாறு மை கைமாறிக் கைமாறி அதே இடத்தில் நிற்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018இல் எலிகளைக் கொண்டு இதை விளக்கிக் காட்டினர்.

தமிழ்நாட்டில் குறவர் இனப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்தி வந்தனர். மஞ்சளும் அகத்தி இலையும் வைத்துத் திரித்த துணியை எரித்து, அந்தக் கரியை மையாக்கினர். கரி கறுப்பல்லவா, பிறகு ஏன் பச்சையாகத் தெரிகிறது என்று கேட்பீர்கள். ஒளி தோலுக்குள் புகும்போது நீலம், பச்சைப் பகுதிகள் மிகுதியாகச் சிதறித் திரும்புகின்றன. ஆழத்துக்குச் செல்லும் சிவப்பொளியைக் கரி விழுங்கிவிடுகிறது. ஆகவே கறுப்பு மையும் தோலுக்கடியில் நீலப்பச்சையாகத் தோன்றுகிறது. பச்சை என்ற பெயரின் பொருத்தம் இப்போது விளங்குகிறதல்லவா?

பெருமையும் இழிவும்

இது மிகப் பழைய கலை. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட மனிதனின் உடல் ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் பழமையானது. அவன் தோலில் 61 பச்சைக் குறிகள் எண்ணப்பட்டுள்ளன. அவற்றுள் பல மூட்டுகளின் அருகே இருப்பதால், அவை வலிக்குச் செய்த வைத்தியமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பச்சை குத்தியவரை உலகம் எப்போதும் ஒரே கண்ணால் பார்த்ததில்லை. கேப்டன் குக்கின் கப்பல் 1769இல் பசிபிக் கடலின் தாஹிதித் தீவை அடைந்தபோது, அங்கே பச்சை குத்துதல் மதிப்புக்குரிய வழக்கமாக இருந்தது. 'டாட்டூ' என்ற சொல்லே அந்தத் தீவுகளின் 'தாதாவ்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். அவ்வழக்கம் மாலுமிகள் வழியாக ஐரோப்பியத் துறைமுகங்களில் பரவியது.

அதே காலத்தில் வேறிடங்களில் அது தண்டனையாகவும் இருந்தது. ஜப்பானில் 1720 முதல் குற்றவாளிகளின் உடலில் பச்சை குத்தி அடையாளமிட்டனர். கிழக்கிந்தியக் கம்பெனி 1797இல் வங்காளத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்த வழி செய்தது. இந்தக் கொடுமை 1849இல்தான் நீக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜிகள் கைதிகளின் முன்கையில் எண்களைக் குத்தினர். ஒருவர் விரும்பி ஏற்ற அழகு, மற்றொருவர் மேல் திணிக்கப்பட்ட அவமானம் ஆயிற்று.

ஆள் பார்த்து மதிப்பளிக்கும் விந்தையும் உண்டு. ஜப்பான் அரசு 1872இல் தன் குடிமக்கள் பச்சை குத்திக் கொள்வதைத் தடை செய்தது. ஆனால் 1881இல் அங்கே சென்ற பிரிட்டிஷ் இளவரசர் ஜார்ஜ் தம் கையில் ஒரு டிராகன் உருவத்தைக் குத்திக் கொண்டு திரும்பினார்! பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆனவர் இவரே. ஜப்பானியருக்கு விதித்த தடை 1948 வரை நீடித்தது.

சட்டம் மூடிய கதவு

பச்சை குத்தும் மின்பொறிக்கு நியூயார்க்கில் 1891இல் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் காப்புரிமை பெற்றார். எடிசன் 1876இல் படி எடுப்பதற்காக அமைத்த மின்பேனாவே அதற்கு முன்மாதிரி. இத்தகைய பொறி பிறந்த அதே நகரம், மஞ்சள் காமாலை பரவுவதைக் காரணம் காட்டி 1961இல் பச்சை குத்தும் தொழிலையே தடை செய்தது. தூய்மையற்ற ஊசியால் நோய் பரவும் என்ற அச்சம் பொய்யன்று. ஆயினும் ஊசியைத் தூய்மை செய்யச் சொல்வதற்கு மாறாக, கடையையே மூடினார்கள். அத்தடை 1997 வரை இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1962 முதல் 2000 வரை தடை. அமெரிக்க மாநிலங்களுள் கடைசியாக அனுமதி தந்தது ஓக்லஹோமா. அது நடந்தது 2006இல்.

தென்கொரியாவில் 1992இல் உச்ச நீதிமன்றம் பச்சை குத்துதலை மருத்துவச் செயல் என்று தீர்ப்பளித்தது. அதன்படி மருத்துவர் அல்லாதோர் அதைச் செய்வது குற்றமாயிற்று. இதை மாற்றும் சட்டம் 2025இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஒளியைக் கொண்டு நாடி பார்க்கும் கலை வளர்ந்ததும் இதே காலத்தில்தான்.

ஒளி எண்ணும் நாடி

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற உடலியல் அறிஞர் 1937இல் ஓர் எளிய முறையை விளக்கினார். தோலின் மேல் விளக்கொளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை ஒளிமின்கலத்தால் அளந்தார். இதயம் சுருங்கும்போது இரத்தம் பாய்ந்து வரும், ஒளி அதிகம் விழுங்கப்படும். இதயம் விரியும்போது இரத்தம் குறையும், அதிக ஒளி திரும்பி வரும். ஒளியின் இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் அதுவே நாடித் துடிப்பு.

இந்த அடிப்படையில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் மேலும் ஒரு படி சென்றார். சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய இரு ஒளிகளைப் பயன்படுத்தி, இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை ஊசியின்றி அறியும் வழியைக் கண்டார். கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்கு வந்த விரல் கவ்வி அதன் வழித்தோன்றலே.

கைக்கடிகாரம் பெரும்பாலும் பச்சை ஒளியைப் பயன்படுத்துகிறது. இரத்தம் பச்சை ஒளியை நன்கு விழுங்கும் என்பதே காரணம். கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பச்சை விளக்கு மினுமினுப்பதைக் காணலாம். இப்போது அந்த ஒளியின் வழியில் கரியை வைத்துப் பாருங்கள். கரி எல்லா நிற ஒளியையும் விழுங்கும். போகும்போது பாதி, திரும்பும்போது பாதி என்று ஒளி தொலைந்துபோனால் கடிகாரம் எதை அளக்கும்?

சிவப்பு மை என்றால்? ஒரு சிறு சோதனை செய்யுங்கள். இருட்டறையில் பச்சைக் கண்ணாடித் தாள் சுற்றிய கைவிளக்கின் ஒளியைச் சிவப்புத் தாளின் மேல் பாய்ச்சுங்கள். அது ஏறக்குறையக் கறுப்பாகத் தோன்றும். சிவப்புப் பொருள் பச்சை ஒளியை விழுங்குவதே காரணம். இரத்தம் செய்ய வேண்டிய வேலையை மை முந்திக்கொண்டு செய்துவிடுகிறது. ஆனால் இரத்தம் துடிப்புக்கேற்பக் கூடிக் குறையும். மையோ அசையாமல் நிற்கும்.

2015இல் தெரிந்த உண்மை

ஆப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரம் 2015 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. சில நாட்களிலேயே, மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தவர்கள் முறையிடத் தொடங்கினர். கடிகாரம் கையில் இருப்பதையே உணராமல் திரும்பத் திரும்பக் கடவுச்சொல்லைக் கேட்டது. மையின் நிறம், உருவம், அடர்த்தி ஆகியவை ஒளியைத் தடுக்கக்கூடும் என்று அந்த நிறுவனமே தன் குறிப்பில் ஒப்புக்கொண்டது. மார்பில் கட்டும் பட்டையை இணைத்துக் கொள்ளுமாறும் வழி சொன்னது.

கரி ஒளியை விழுங்கும் என்பது புதிய கண்டுபிடிப்பா? பள்ளி மாணவரும் அறிந்த செய்திதான். அப்படியிருக்க, அது வாங்கியவர்கள் சொல்லித் தெரிய வேண்டியதாக ஏன் ஆயிற்று? யாரும் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு கருவியை அமைப்பவர் மனத்தில் 'சாதாரணக் கை' என்று ஒன்று இருக்கும். பச்சை குத்திய கை, மாலுமிக்கும் கைதிக்கும் உரியது என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஓக்லஹோமா தடையை நீக்கியதற்கும் அந்தக் கடிகாரம் வந்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டுகளே. ஆனால் மக்கள் சட்டத்தையும் கருவிகளையும் முந்திவிட்டார்கள். 2023இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 32 பேர் பச்சை குத்தியிருந்தனர். மூவரில் ஒருவரை எப்படி விதிவிலக்கு என்று சொல்வது?

நம் எல்லோர் தோலுக்கும் உரிய கேள்வி

"நான் பச்சை குத்தவில்லை, எனக்கென்ன?" என்று நீங்கள் நினைக்கலாம். இயற்கையே நம் தோலில் ஒரு நிறப்பொருளை வைத்திருக்கிறது. அதன் பெயர் மெலனின். அது மையைப் போல் ஒளியை முற்றும் மறைப்பதில்லை. ஆயினும் ஓரளவு விழுங்கும்.

ஆக்சிஜன் அளக்கும் விரல் கவ்வியைப் பற்றி 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, இரத்தத்தை நேரடியாகச் சோதித்துப் பார்த்தனர். உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளை நிற நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர். கறுப்பின நோயாளிகளிலோ ஏறத்தாழ 12 பேர். கருவி 'நலம்' என்று சொல்ல, நோயாளி மூச்சுக்குத் திணறியிருக்கிறார்! தோல் நிறத்தால் இப்படிப் பிழை நேரலாம் என்று 1990இலேயே ஓர் ஆய்வு எச்சரித்திருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பல நிறத் தோல்களிலும் போதிய அளவு சோதிக்க வேண்டும் என்ற வரைவு நெறிமுறையை 2025 ஜனவரியில்தான் வெளியிட்டது.

கடிகாரம் கடவுச்சொல் கேட்பது தொல்லை. ஆக்சிஜன் அளவு தவறுவது உயிருக்கு ஆபத்து. இரண்டிலும் வேர் ஒன்றே. எந்தத் தோலைக் கொண்டு கருவி சோதிக்கப்பட்டதோ, அந்தத் தோலுக்கு அது நன்றாக உழைக்கிறது.

கருவியே பச்சையானது

இந்த வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜான் ராஜர்ஸ் என்ற அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் 2011இல், தோலோடு தோலாக ஒட்டி வளைந்து நீளும் மின்சுற்று ஒன்றைச் செய்தனர். குழந்தைகள் தண்ணீர் தொட்டு ஒட்டிக்கொள்ளும் பொம்மைப் படம் போல அதை ஒட்டினர். இதயம், தசை, மூளை ஆகியவற்றின் மின்குறிகளை அது பதிவு செய்தது. 2017இல் வேறு ஆய்வாளர்கள், உடலின் சர்க்கரை, உப்பு, அமிலத்தன்மை ஆகியவற்றுக்கேற்ப நிறம் மாறும் மைகளைப் பன்றித் தோலில் குத்திச் சோதித்துப் பார்த்தனர். இவற்றுக்கெல்லாம் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? 'மின்னணு டாட்டூ', 'உயிரறி டாட்டூ'! நேற்று வரை வேலைக்கு நேர்காணல் செல்வோர் முழுக்கைச் சட்டையால் மறைத்த சொல், இன்று ஆய்வகத்தின் பெருமையாகிவிட்டது.

உங்கள் வீட்டில் பச்சை குத்திய கை இருந்தால், கடிகாரத்தை மையில்லாத இடத்திலோ மறு கையிலோ கட்டிப் பாருங்கள். மின்முனைகளால் இதயத் துடிப்பை அறியும் மார்புப் பட்டை ஒளியை நம்புவதில்லை. ஆகவே மை அதற்குத் தடையாகாது. விரல் கவ்வி நல்ல எண்ணைக் காட்டினாலும் மூச்சுத் திணறல் இருந்தால், எண்ணை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இதைப் படிக்கும் மாணவர்களில் சிலர் நாளை இத்தகைய கருவிகளை அமைப்பீர்கள். அப்போது உங்கள் சோதனைச் சாலைக்கு எல்லாக் கைகளையும் அழையுங்கள். கறுத்த கை, வெளுத்த கை, உழைத்துக் காய்த்த கை எல்லாம் வரட்டும். கோலம் குத்திய பாட்டியின் கையும் அந்த வரிசையில் இருக்கட்டும். எல்லாக் கைகளிலும் ஓடுவது ஒரே இரத்தம். அதைக் காணத் தெரிந்த கருவியே நல்ல கருவி.