கொள்ளிடம் கொள்வது

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலை திருவரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் நின்று பார்த்தால், முந்தைய நாள் காவிரித்தாய்க்குப் படைத்தவை இரண்டாகப் பிரிந்து கிடப்பது தெரியும். பூவும் மஞ்சளும் வெற்றிலையும் நீரோடு போயிருக்கும்; எஞ்சியவை வாடத் தொடங்கியிருக்கும். காதோலை கருகமணியைச் சுமந்துவந்த பாலிதீன் உறைகள் மட்டும் வந்தபடியே படியிடுக்கில் கிடக்கும்.

ஆற்றில் இடுவதைப் பிழையென்று நம் முன்னோர் எண்ணியதில்லை. எண்ணவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஓலை, இலை, மண்கலம் என அவர்கள் இட்டவை யாவும் மண்ணுக்குத் திரும்புபவை. பாலிதீனோ இங்கிலாந்தின் ஆய்வகமொன்றில் 1933இல் கண்டறியப்பட்டது. இன்று நாம் அறிந்த கைப்பிடிப் பைக்கு ஸ்வீடன் நிறுவனமொன்று 1965இல் காப்புரிமை பெற்றது. பல நூற்றாண்டுகள் பழகிய கை, நேற்று வந்த பொருளையும் அதே பழக்கத்தில் ஆற்றில் விடுகிறது.

விட்டது எங்கே போகிறது? இதற்கு விடை காவிரியின் அணை வரலாற்றில் இருக்கிறது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து அரங்கத்தைத் தீவாக்குகிறது. வடக்கே தாழ்ந்து செல்லும் கொள்ளிடம் நீரையெல்லாம் இழுத்துக்கொள்ள, தஞ்சை வயல்கள் வறண்டன. அதைத் தடுக்கவே 1830களில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். தீவின் கிழக்கே, கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை நீரை வயல்களுக்குப் பங்கிடுகிறது. மிகுவெள்ளம் கொள்ளிடம் வழியே கடலுக்குச் செல்கிறது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதே அப்பெயருக்குச் சொல்லப்படும் பொருள். எனவே நாம் விடும் பையும் இந்த இரண்டில் ஒரு வழியையே மேற்கொள்கிறது. ஒன்று, வாய்க்கால் மதகில் சிக்கி வயலில் படியும். இல்லையேல் வெள்ளத்தோடு கடல் சேரும்.

கடல் சேருமிடம் வெற்று மணல்வெளி அன்று. வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு விரிந்துகிடக்கிறது. 2022இல் ராம்சர் ஈரநிலமாக அது அறிவிக்கப்பட்டது. 2004 ஆழிப்பேரலையின்போது அக்காட்டின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. சேற்றுக்கு மேல் நீட்டிய வேர்களால் மூச்சுவிடும் மரங்கள் அவை. வண்டலையும் இலைச்சருகையும் பிடித்துவைக்கும் அவ்வேர்கள் பையையும் பிடித்துவைக்கின்றன. பை போர்த்திய வேருக்கு மூச்சு முட்டும். வெயிலிலும் அலையிலும் நொறுங்கிய துகள்களோ மீன்களின் வயிற்றுக்குள் போகின்றன. மேலூர் மக்களின் வழிபாட்டு மிச்சத்தைக் கீழூர் மீனவர் வலையில் அள்ளுவது என்ன நியாயம்?

சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடைசெய்தது. நடுவண் அரசின் தடை 2022 சூலையில் வந்தது. 2021 இறுதியில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. ஆனால் சட்டத்தின் கண் கடைத்தெருவில்தான் விழுகிறது. படித்துறையில் குனிந்து நீரில் இடும் கையை நம் மனமே பார்த்தாக வேண்டும்.

அதற்கு முன்மாதிரி வெளியே தேடவேண்டியதில்லை. ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளும்போது காவிரிக்கு அளிக்கும் சீரில் மாலையும் மஞ்சளும் வெற்றிலை பாக்கும் உண்டு. அவையெல்லாம் ஆறு ஏற்றுக்கொள்பவை. நாமும் அவற்றையே அளிப்போம். உறையை மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவோம்.