கம்பளிக் கணக்கு

மலைக்கு ஹைக்கிங் போறதெண்டால் முதல் கேள்வி: என்ன போடுறது? மழைக்கு ஜக்கெட், வழுக்காத சப்பாத்து, அட்டை ஏறாத நீளச் சொக்ஸ். 19ஆம் நூற்றாண்டில் இதே மலைக்கு நடந்து வந்தவர்களுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை.

கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 200 கிலோமீற்றருக்கு மேல். வாந்திபேதியும் மலேரியாவும் பலரை வழியிலேயே கொன்றன. 2023இல், 200 ஆண்டு நினைவாக, அந்த வழியில் திரும்பவும் ஒரு நடைபயணம் நடந்தது.

தப்பி வந்தவர்களிடம் இருந்தது வறண்ட ஊருக்கான பருத்தித் துணி. மலைமழையில் அது நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். தோட்டத்தில் கிடைத்தது கம்பளி. ஈரமானாலும் ஓரளவு சூடு தரும். மடித்துத் தலையில் போட்டால் கொங்காணி, இரவில் போர்வை. குளிருக்கு நல்ல உடுப்புத்தான். ஆனால் இனாம் இல்லை. விலையைக் கடனாக எழுதி, சம்பளத்தில் கழித்தார்கள். கால் வெறுங்காலாகவே இருந்தது.

மலை உடுப்பைப் பற்றிக் கதைக்கேக்க துணியை மட்டும் பார்த்தால் போதாது. அதுக்கு ஆர் காசு கட்டினது எண்டும் கேக்க வேணும்.